பதினோராம் பக்கத்துச் சிறுமி

அந்தப் படப்புத்தகத்தில் என் அப்பா பத்தொன்பது முறை சிரிக்கிறார். மொத்தம் இருபத்து நான்கு பக்கங்கள். மிச்சமுள்ள ஐந்தில் ஒன்றில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், ஒன்றில் கைக்குழந்தையாகத் தொட்டிலில் தூங்குகிறார், மூன்றில் அவர் இல்லவே இல்லை. முகம் தெரிகிற இடமெல்லாம் சிரிப்புத்தான். நான் அவரோடு இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவன். அவர் சிரித்து நான் பார்த்ததை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு முறை, வேறு யாரோ வழுக்கி விழுந்தபோது.

அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். போருக்குப் பிறகு, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு கடைவீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்து, தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கினார். பள்ளி சில ஆண்டுகள் நடந்தது. அதில் படித்த சிலர் பிற்பாடு ஆசிரியைகளானார்கள், தாதிகளானார்கள். இதெல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை. அந்த உண்மைக்காகத்தான், நம் சமூகத்து முன்னோடிகள் எட்டுப் பேரைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் படப்புத்தக வரிசையில் அவருக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள்.

புத்தகம் போடும் சங்கத்தின் செயலாளர் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். நாற்பதைத் தாண்டாத பெண்மணி, விளம்பர நிறுவனத்தில் வேலை. "அங்கிள், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஃபேமிலி ஒரு தடவ பார்த்துட்டா நல்லா இருக்கும்" என்றார். நான் பட்டம் படித்தவன். ஆனால் என் வேலைக்காலம் முழுவதும் துவாஸ் கிடங்குகளில் சரக்கை எண்ணி, தாளில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே போயிற்று. தாளில் நூறு மூட்டை, தரையில் தொண்ணூற்றெட்டு என்றால் கையெழுத்துப் போடமாட்டேன். அப்படிப்பட்டவனிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னது அவர்கள் செய்த முதல் தவறு.

சங்கத்துக்குப் போவதற்கு முன் புக்கிட் பாஞ்சாங் நூலகத்துக்குப் போய், சிறுவர் பகுதியில் முழங்கால் உயர நாற்காலியில் உட்கார்ந்து, இந்த வகைப் புத்தகங்கள் முப்பத்தொன்றைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. முதல் பக்கத்தில் ஏழைக் குடிசை. மூன்றாம் பக்கத்தில் விளக்கடியில் படிப்பு. எந்த நாட்டில் பிறந்தாலும், எந்த நூற்றாண்டில் பிறந்தாலும், பெரிய மனிதர் ஆகப் போகிறவர் விளக்கடியில்தான் படிக்கிறார். நடுவில் எவனோ ஓர் அதிகாரி அவமானப்படுத்துகிறான். கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து நிற்க, அவர் தூரத்து வானத்தைப் பார்க்கிறார். யாரும் வீட்டில் சத்தம் போடுவதில்லை. யாருக்கும் யார்மேலும் பொறாமை இல்லை. கண்கள் மட்டும் மாங்காய் அளவு. இப்படிப்பட்டவர்களைக் காட்டி, "நீயும் இப்படி ஆகவேண்டும்" என்று பிள்ளைகளிடம் சொன்னால், அவர்கள் என்னதான் செய்வார்கள்? தம் வீட்டில் சத்தம் போடுகிற அப்பாவைப் பார்த்து, இவர் எந்தப் புத்தகத்திலும் வரமாட்டார் என்று முடிவு கட்டுவார்கள். அவ்வளவுதான்.

சங்கத்தின் அலுவலகம் ஒரு நகைக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். செயலாளரும், படம் வரைந்த இளைஞனும் இருந்தார்கள். அவன் மடிக்கணினியைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"எப்படி இருக்கு அங்கிள்? ஹானஸ்ட்டா சொல்லுங்க" என்றார் செயலாளர்.

"பத்தொன்பது இடத்துல சிரிக்கிறார்."

"ஆமா லா, கியூட்டா இருக்குல்ல?"

"அவர் அப்படிச் சிரிக்கிறவர் இல்ல."

"பிள்ளைங்க புக் அங்கிள். மூஞ்சிய கடுகடுன்னு வச்சா பிள்ளைங்க பயந்துருவாங்க."

"நாங்களும் பிள்ளைங்களாத்தான் இருந்தோம். பயந்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். நான் குறித்துவைத்திருந்த பிழைகளைச் சொல்லத் தொடங்கினேன். மொத்தம் பதினான்கு. அப்பா சரிகை வேட்டி கட்டியதில்லை, வெள்ளைக் காற்சட்டைதான். நெற்றியில் அத்தனை நீளப் பட்டை போட்டதில்லை. மாடிப்படி வலப்பக்கம், இடப்பக்கம் அல்ல. இளைஞன் ஒவ்வொன்றுக்கும் "நோட்டட்" என்றான். பதினோராம் பக்கம் வந்தபோது அதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.

அந்தப் பக்கத்தில் அப்பா ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடக்கிறார். சிறுமிக்கு இரட்டைச் சடை, வெள்ளைச் சட்டை, மார்போடு அணைத்த புத்தகம். கீழே நான்கு வரிகள்: "அன்று காலை அவர் தம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தார். 'நீதான் முதல் மாணவி' என்றார். மகள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கண்களில் ஒளி வீசியது."

அந்தச் சிறுமி என் அக்கா. அக்கா பள்ளியில் படித்ததே இல்லை.

"இது நடக்கல" என்றேன்.

செயலாளர் ஒரு கோப்பைத் திறந்து பழைய செய்தித்தாள் நறுக்கின் நகலைக் காட்டினார். பள்ளித் திறப்பு விழாப் படம். இரண்டு வரிசைகளில் பதினாறு பெண்பிள்ளைகள். முன்வரிசை நடுவில் அக்கா, கையில் புத்தகம். கீழே, நிறுவனரின் மகளும் மாணவி என்று ஒரு குறிப்பு. "மானியம் கொடுக்கிறவங்க ஒவ்வொரு தகவலுக்கும் ரெண்டு ஆதாரம் கேக்குறாங்க அங்கிள். படம் ஒண்ணு, குறிப்பு ஒண்ணு. டபுள் கன்ஃபர்ம்ட்."

நடந்ததைச் சொன்னேன். பள்ளியில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். படம் எடுக்க வந்தவர், ஆறு பேரை நிறுத்தினால் குடும்பப் படம் மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டார். அப்பா சந்தில் இறங்கி, வீடுவீடாகப் போய்ப் பத்துப் பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்தினார். அந்தப் பத்தில் ஒருத்தி அக்கா. வெள்ளைச் சட்டை பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது. பெரிதாக இருந்ததால் முதுகில் ஊக்கு குத்தியிருந்தார்கள். படம் எடுத்து முடிந்ததும், புத்தகங்களை அப்பா வாசலில் நின்று எண்ணி வாங்கிக்கொண்டார். எனக்கு இந்த எண்ணுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் அக்கா சொல்லித் தெரிந்தவை. எனக்கே நினைவிருப்பது ஒன்றுதான். அக்கா அந்த வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதினாள். சட்டையில் கரி பட்டது. இரவல் சட்டையைக் கெடுத்ததற்காக அப்பா அவளை அடித்தார்.

"அப்போ உங்களுக்கு என்ன வயசு அங்கிள்?" என்று கேட்டார் செயலாளர்.

"நாலு."

அவரும் இளைஞனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் மன்னிக்கவில்லை.

"நாலு வயசு ஞாபகத்த வச்சு பேப்பர்ல வந்தத மாத்த முடியாதுல்ல?" என்றார் மெதுவாக. பிறகு முகம் மலர்ந்து, "உங்க அக்கா நல்லா இருக்காங்கல்ல? அவங்களத்தான் மேடைக்குக் கூப்பிடப் போறோம். முதல் மாணவி! பொன்னாடை போத்தி, இந்தப் பக்கத்த அவங்களே பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டணும். அதான் ஹைலைட்" என்றார்.

நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

அக்காவுக்கு எழுத்து தெரியாது. தமிழ், ஆங்கிலம், மலாய், எதுவும் படிக்க வராது. இதை இப்போது எழுத அவள் அனுமதி கொடுத்திருக்கிறாள். அப்போது இது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். மூன்றாவது ஆள் அவள் கணவர், அவர் இறந்து பல ஆண்டுகளாயிற்று. அம்மா நெஞ்சு நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்ததால் பதினோரு வயதில் அக்காவிடம் சமையலறை வந்து சேர்ந்தது. பள்ளிக்கென்று ஊரிலிருந்து வரவழைத்த ஆசிரியர் எங்கள் வீட்டில்தான் தங்கினார், மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். பெண்கல்வி சூடாறாமல் இருக்கவேண்டும் என்று அக்கா அடுப்படியில் வெந்தாள். நான் வளர்ந்து பள்ளிக்கூடம் போனேன். அவள் பதினெட்டில் கல்யாணமாகிப் போனாள்.

அதன் பிறகு அவள் தன் பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் தெரியாமலே காலத்தை ஓட்டினாள். பேருந்து எண் தெரியும். பாசாரில் காய்கறி வாங்கினால் கணக்குத் தவறாது. எதையாவது படிக்கச் சொன்னால், "கண்ணு சரியில்லம்மா, நீயே படி" என்பாள். பழியெல்லாம் கண்மேல்தான். எழுபத்தைந்து வயதில் மருத்துவமனையில் கண்புரையை எடுத்துப் பார்வையைப் பளிச்சென்று ஆக்கிவிட்டார்கள். அதற்காக மருத்துவர்மேல் கோபப்பட்ட ஒரே நோயாளி அவளாகத்தான் இருக்கவேண்டும். இப்போது எண்பத்தாறு. கண்ணுக்குப் பதில் மூக்குக்கண்ணாடியைக் குறை சொல்கிறாள்.

புக்கிட் பாத்தோக்கில், இளைய மகன் வீட்டில், ஏழாம் மாடியில் இருக்கிறாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பதினோராம் பக்கத்தின் நகலோடு போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"மூக்க நல்லா போட்டிருக்கான்" என்றாள்.

"இது பொய் அக்கா."

"எனக்குத் தெரியாதா? நீ வேற வந்து சொல்லணுமா?"

"எடுக்கச் சொல்லப் போறேன்."

"தொட்டேன்னா பாரு."

எனக்கு ஆத்திரம் வந்தது. "அடுப்படியில உன்ன உட்கார வச்ச மனுஷனுக்கு, பொம்பளப் பிள்ளைங்கள படிக்க வச்ச மகான்னு புத்தகம் போடுறாங்க. அதுக்கு உன்னையே சாட்சியா நிறுத்துறாங்க. உனக்குக் கோவம் வரலையா?"

"வந்து? எண்பத்தாறு வயசுல எனக்கு ஒரு மேடை வருது. இத்தன வருஷத்துல என்ன எவனாச்சும் ஒரு மேடைக்குக் கூப்பிட்டானா? உனக்கு ரிட்டயர் ஆனப்ப கேக் வெட்டினாங்க. எனக்கு யாரு வெட்டினா? பொன்னாடை உண்டா இல்லையா?"

"உண்டு."

"அப்ப வாய மூடிக்கிட்டு வந்து உட்காரு."

"மேடையில உன்னப் படிக்கச் சொல்வாங்க அக்கா."

நகலை மேசைமேல் வைத்து, நான்கு வரிகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். துணி வாங்கும்போது நெசவைத் தடவிப் பார்ப்பதுபோல.

"எத்தன வரி?"

"நாலு."

"சாமி பாட்டு எத்தன தெரியும் எனக்கு? நாலு வரி வாயில நிக்காதா? நீ படி, நான் சொல்றேன். எவன்கிட்டயாச்சும் வாயத் தொறந்தே, செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்."

அன்று முதல் காலையில் அவள் தொலைபேசியில் அழைப்பாள், நான் படிப்பேன், அவள் திருப்பிச் சொல்வாள். முதல் நாளே பிசகில்லாமல் வந்துவிட்டது. ஆனாலும் "இன்னொரு தடவ" என்பாள். எந்தச் சொல்லில் விரல் எங்கே இருக்கவேண்டும், ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு விரலை எப்போது இறக்கவேண்டும் என்றெல்லாம் கேட்டுப் பழகினாள். அந்தப் பொய்யை ஒவ்வொரு காலையும் என் வாயாலேயே படிக்கவைத்தாள். "கண்களில் ஒளி வீசியது" என்று முடிக்கும்போது எனக்குப் பல் கூசும்.

மேடையில் ஏதாவது பிசகினால் என்ன ஆகும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் முன்வரிசையில் இருப்பார்கள். வேறு பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்துவிட்டால்? "இன்னும் ஒரு பக்கம் படிங்கம்மா" என்று கேட்டுவிட்டால்? அறுபது எழுபது ஆண்டுகளாக மறைத்தது அத்தனை பேர் முன்னால் அவிழ்ந்து விழும். மறுபடியும் நகைக்கடை மாடிக்குப் போனேன்.

"புத்தகத்துல என்ன வேணும்னாலும் போட்டுக்குங்க. அக்காவப் படிக்க மட்டும் சொல்லாதீங்க" என்றேன்.

"ஏன் அங்கிள்?"

"வயசாயிருச்சு."

"நேத்து அம்மாகிட்டப் பேசினேனே. குரல் கணீர்னு இருக்கு. 'கண்டிப்பா வரேன்மா'ன்னாங்க."

"என்னால காரணம் சொல்ல முடியாது. வேண்டாம்னா வேண்டாம்."

செயலாளர் பேனாவை மேசைமேல் வைத்தார். "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. பதினாலு தப்புன்னு எழுதிக் கொடுத்தீங்க, மூணு மாத்தினோம். இப்போ இது. மத்த ஏழு ஃபேமிலியும் சந்தோஷமா இருக்காங்க. நீங்க மட்டும் உங்க அப்பாவுக்கு எதிரி மாதிரி பேசறீங்க. எனக்கு இந்தப் பக்கம் எவ்ளோ முக்கியம் தெரியுமா? அந்தக் காலத்துல ஒரு அப்பா தன் மகள் கையப் புடிச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறாரு. எனக்கும் ஒரு மக இருக்கா. அவளுக்கு இதக் காட்டணும்னு நினைக்கிறேன். இதுல என்ன தப்பு?"

அவர் குரல் தழுதழுத்தது. நடிக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சலைத் தந்தது. கெட்ட எண்ணத்தோடு பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம். மகளை நினைத்துக் கண்கலங்குகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? அப்படியும் போட்டேன். "உங்க மகளுக்குக் காட்ட எங்கக்காதான் கிடைச்சாளா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். கதவுக்குப் பின்னால் இளைஞன் "கிரம்பி ஓல்ட் மேன்" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. என் செவி இன்னும் நன்றாகவே இருக்கிறது.

வெளியீட்டு விழா ஒரு சனிக்கிழமை மாலை, சமூக மன்ற அரங்கில் நடந்தது. இருநூறு நாற்காலிகள், நிறைந்தவை நூற்று முப்பது. மேடைக்குக் கீழே பாய் விரித்து நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். செயலாளரே நெறியாளர். எட்டுப் புத்தகங்களுக்கும் எட்டு வாழ்த்துரைகள். அப்பா ஐந்தாவது. அவர் முறை வருவதற்கு முன் பேசிய நான்கு பேரும் "எனக்குப் பேசத் தெரியாது" என்றுதான் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டு இருபத்தாறு நிமிடம் பேசினார். நம் மேடைகளின் வழக்கம் அது. கற்றவர்கள் நிறைந்த அவையில் நான் ஒரு பாமரன் என்று சொல்லவேண்டும். சொன்னதும் அவை கைதட்டவேண்டும். அதற்கு அவையடக்கம் என்று பெயர்.

அக்கா பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள். இரண்டு தொண்டூழியர்கள் கையைப் பிடித்து மேடையேற்றினார்கள். பின்னால் திரையில் பதினோராம் பக்கம் சுவர் அளவுக்கு விரிந்தது. அப்பாவின் பல்வரிசை மட்டுமே ஒரு முழ நீளம் இருந்தது. செயலாளர் சரியான பக்கத்தையே திறந்து கொடுத்தார். அக்கா ஒரு கையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, மறுகை விரலை முதல் வரியில் மிகச் சரியாக வைத்தாள். மூன்றாம் வரிசையில் என் உதடுகள் தாமாக அசைந்தன.

"அன்று காலை" என்றாள் அக்கா.

நிறுத்தினாள். திரும்பித் திரையைப் பார்த்தாள். மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் மறுபடி அவையைப் பார்த்து, புத்தகத்தை மூடினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

அரங்கம் கைதட்டியது.

செயலாளர் நெஞ்சில் கைவைத்து ஒலிவாங்கியில் சொன்னார்: "கேட்டீங்களா! முதல் மாணவி, 'எனக்குப் படிக்கத் தெரியாது' என்கிறார். அவையடக்கம் என்றால் இதுதான்!"

"இல்லம்மா, நெசமாத்தான் சொல்றேன். ஒரு எழுத்துகூடத் தெரியாது."

சிரிப்பும் கைதட்டலும் இன்னும் பலமாக எழுந்தன. முன்வரிசையில் அவள் மருமகள் பெருமை பொங்கக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, "அவ உண்மையத்தான் சொல்றா!" என்று கத்தினேன். ஒரு தொண்டூழியர் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தார். "அங்கிள், கேள்வி நேரம் கடைசியில இருக்கு. இப்ப உட்காருங்க ப்ளீஸ்."

பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மட்டும் கைதட்டவில்லை. அவையடக்கத்தை அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தொடக்கநிலை இரண்டு படிக்கும் வயதில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். யாரும் கூப்பிடுவதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

"பாட்டி, படிக்கத் தெரியாதுன்னா ஏன் புக் வச்சிருக்கீங்க?" திரையைக் காட்டினாள்.

அக்கா மேடையின் விளிம்புவரை வந்தாள். "போட்டோ புடிக்கக் குடுத்தாங்க கண்ணு. புடிச்சதும் வாங்கிக்கிட்டாங்க."

"யாரு?"

"எங்க அப்பா."

நாற்பது தலைகளும் திரையை நோக்கித் திரும்பின. ஒரு பையன் நம்பாமல் கேட்டான்: "இவரா? பட் ஹி இஸ் ஸ்மைலிங்!"

"அது வரைஞ்ச புள்ள போட்ட சிரிப்பு."

"அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?"

"வீட்டுக்குப் போயி சோறாக்கினேன்."

"எவ்ரி டேவா?"

"தெனமும்தான்."

"ஸோ ஸேட்" என்றாள் அந்தச் சிறுமி. பிறகு ஏதோ யோசித்து, "உங்க அப்பா நாட்டி பாயா?" என்று கேட்டாள்.

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் செயலாளர் ஒலிவாங்கியை மெல்ல வாங்கி, "நேரமின்மை காரணமாக" என்று தொடங்கிவிட்டார். இசை ஒலித்தது. பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். அக்கா ஒளிப்படக்காரரைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் முடிந்து, மகன் வண்டியை எடுத்துவரப் போயிருந்தபோது, வாசலில் அவளோடு தனியாக நின்றேன்.

"நாலு வரியும் உனக்குத் தெரியும். மறக்கல."

"மறக்கல."

"பின்ன ஏன்?"

"அந்த ஆளு என் கையப் புடிச்சதே இல்லடா. ஒரு நாளுகூட இல்ல. கையப் புடிச்சுக்கிட்டு நடந்தாருன்னு சொல்ல வாய் வரல. மத்த மூணு வரியும் சொல்லியிருப்பேன்."

"அவ்வளவு பேர் முன்னால சொல்லிட்டியே."

"சொன்னேன். ஒருத்தன் நம்பினானா?" பொன்னாடையை உருவிச் சுருட்டி என் கையில் திணித்தாள். "இத்தன வருஷமா தெரிஞ்சுருமோ தெரிஞ்சுருமோன்னு வயித்துல நெருப்ப வச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு மைக்க வச்சுச் சொன்னா கைதட்டுறானுங்க. அந்தக் கைதட்டு யாருக்குடா வேணும்?"

வண்டியில் மருமகள், "அத்தை, சூப்பரா பேசினீங்க, என்ன ஒரு ஹியூமர்" என்றாளாம். மறுநாளே அக்கா மகனையும் மருமகளையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறாள். மகன், அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறதோ என்று என்னிடம் தனியாகக் கேட்டான். "உங்கம்மா ஞாபகம் உன் ஞாபகத்தவிட நல்லா இருக்கு" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அதன் பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். மறைக்கவேண்டும் என்று என்னை மிரட்டியவள், இப்போது நம்பவைக்கவேண்டும் என்று மிரட்டினாள். "நீதான் பெரிய படிப்பாளியாச்சே, எழுது. அவங்களுக்கு எழுது. அந்தப் புத்தகம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போகப் போகுதுன்னு சொன்னியே. அந்தப் பொண்ணு மாதிரி பிள்ளைங்க நான் படிச்சவன்னு நினைக்கவா?" எழுதினேன், மூன்று முறை. முதல் இரண்டுக்கும் நன்றி என்று மட்டும் பதில் வந்தது.

மூன்றாவதற்குச் செயலாளரே தொலைபேசியில் அழைத்தார். நான் அப்போது அக்கா வீட்டில் இருந்தேன். அவருடைய குரலில் பழைய தெம்பு இல்லை. விழாவுக்கு வந்த பிள்ளைகள் பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ஆசிரியர்கள் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். புத்தகங்கள் பெட்டிகளில் கட்டியபடி நிற்கின்றன.

"அம்மா சொன்னது அவையடக்கம்தானே அங்கிள்? நீங்க ஃபேமிலி சார்பா ஒரு வரி கன்ஃபர்ம் பண்ணாப் போதும். அனுப்பிருவோம்."

"அவையடக்கம் இல்ல. உண்மை."

பெருமூச்சு கேட்டது. "சரி. நான் நம்பறேன்னே வச்சுக்குவோம். ஆனா மானியக் குழுவுக்கு நான் என்ன சொல்றது? படிச்சாங்கங்கிறதுக்கு ரெண்டு ஆதாரம் இருக்கு. படிக்கலங்கிறதுக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு?"

வேலைக்காலம் முழுவதும் ஆதாரம் கேட்டே பிழைத்தவன் நான். இல்லாத மூட்டைக்கு யாரும் ரசீது வைத்திருப்பதில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்து, "என்னவாம்?" என்றாள். சொன்னேன். கைப்பேசியை என்னிடமிருந்து பிடுங்கினாள்.

"ஏம்மா, ஆதாரமா வேணும்? புக்கிட் பாத்தோக்குக்கு வா. உனக்குப் புடிச்ச புத்தகம், பேப்பர், எது வேணும்னாலும் கையோட கொண்டா. அந்தக் குழுவையும் கூட்டிக்கிட்டு வா. எல்லாரும் உட்காருங்க. உங்க கண்ணு முன்னாடியே நான் படிக்காமக் காட்டறேன்."

மறுமுனையில் செயலாளர், எந்த புளோக், எத்தனையாவது மாடி என்று கேட்டார்.